மதுரையிலிருந்து ஒருவர்

நான் நல்ல மனசுக்காரி என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. முகம் பார்க்காத ஒரு பெண்மேல் எனக்கு இரண்டு வருடம் தீராத வயிற்றெரிச்சல் இருந்தது. இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை. அந்த எரிச்சலில் நான் செய்துகொண்டிருந்த ஒரு காரியம் எங்கோ போய் முடிந்தது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் வண்டியூர் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். ஆறு கேபின். வாசலைப் பார்த்தாற்போல் ஒரு மேசை, அதில் என் கம்ப்யூட்டர். வீட்டுக்காரருக்கு லாரி ஆபீசில் வேலை. காலையில் ஷட்டரைத் தூக்கிவிட்டு அவர் போய்விட்டால் பிறகு நான்தான். பரீட்சை ரிசல்ட் பார்க்க வருவார்கள். பாஸ்போர்ட் படிவம் நிரப்ப வருவார்கள். வெளிநாட்டில் இருக்கும் புருஷன் முகத்தைக் கேமராவில் பார்க்கக் கைக்குழந்தையோடு வருவார்கள். மற்றபடி ஆள் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அதிகம். அந்த நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன்.

தமிழில் வலைப்பதிவு எழுதுகிறவர்கள் அப்போது நிறையப் பேர் கிளம்பியிருந்தார்கள். யாரும் யாரையும் பார்த்ததில்லை. எல்லாம் புனைபெயர். ஒருவர் சமையல் எழுதுவார், ஒருவர் அரசியல் எழுதுவார், மூன்றாவது ஆள் இந்த இரண்டு பேரையும் திட்டி எழுதுவார். படித்தவர்கள் கீழே பின்னூட்டம் போடுவார்கள். பின்னூட்டம் எத்தனை வந்தது என்பதுதான் அந்த உலகத்தில் மரியாதை.

எனக்குக் கதை வராது, கவிதை வராது. படிக்க மட்டும் வரும். அதனால் சனிக்கிழமைதோறும், அந்த வாரம் இணையத்தில் படித்ததில் எது தேறும் எது தேறாது என்று ஏழு இணைப்புகள் கொடுத்து எழுதினேன். கடைசியில் வீட்டு விஷயம் இரண்டு வரி. தண்ணீர் லாரி வரவில்லை, மாவு புளித்துவிட்டது என்பதுபோல. மழுப்பி எழுதும் பழக்கம் எனக்குக் கிடையாது. "இதை எழுதியவர் பாதியில் தூங்கிவிட்டார் போல, நானும் தூங்கிவிட்டேன்" என்று எழுதுவேன். எழுதியவர் வந்து சண்டை போடுவார். அது ஒரு பின்னூட்டம். நான் பதில் கொடுப்பேன். அது இரண்டாவது. பெரும்பாலும் அதோடு சரி.

ஆனாலும் சனிக்கிழமை தவறியதில்லை. கரண்ட் போனால் பேட்டரியில் இருக்கும் பத்து நிமிஷத்தில் அடித்து ஏற்றிவிடுவேன். கேபினில் இருப்பவர்கள் கத்துவார்கள். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன்.

இப்படி எட்டு மாதம் போனபிறகு அவள் வந்தாள்.

வருடத்தில் பாதி நாள் பனி கொட்டும் ஏதோ ஒரு வெளிநாட்டு ஊரில் இருந்தாள். பிறந்தது மதுரை. அவளும் சனிக்கிழமைதான் எழுதினாள். அவளும் வாரம் படித்ததைத்தான் எழுதினாள். மூன்றே இணைப்புகள், மூன்றையும் ஆகா ஓகோ என்று ஒரு வரி. பிறகு வீட்டு விஷயம் முழம் முழமாக. பனியை வாரும்போது வழுக்கி வாளியோடு விழுந்தது. ஊரிலிருந்து கொண்டுபோன கறிவேப்பிலைச் செடி ஜன்னலோரம் ஒரே ஒரு புது இலை விட்டது. ரசத்துக்குப் பெருங்காயம் தாளித்ததும் மேல்வீட்டுக்காரர் கேஸ் கசிகிறது என்று ஆளைக் கூப்பிட்டது. இதுதான் எழுத்து. முதல் பதிவுக்கே இருபத்தைந்து பின்னூட்டம்.

அந்த முதல் பதிவில் எழுதியிருந்தாள்: "மதுரையில் ஒரு அக்கா வாராவாரம் எழுதுவதைப் பார்த்துத்தான் எனக்கும் ஆசை வந்தது." என் பதிவுக்கு இணைப்பும் கொடுத்திருந்தாள். நான் எவ்வளவு தேடியும் அதில் குறை கண்டுபிடிக்க முடியவில்லை. அக்கா என்றதைத் தவிர. அவளுக்கும் எனக்கும் மிஞ்சிப்போனால் இரண்டு வயது வித்தியாசம் இருக்கும். அன்றைக்கு என் பதிவுக்கு நாற்பது பேர் வந்து பார்த்தார்கள். அதுவரை அவ்வளவு பேர் வந்ததில்லை. அவள் அனுப்பி வந்த கூட்டம் என்று தெரிந்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாலைந்து வாரம் கழித்து ஒரு சாயங்காலம் வீட்டுக்காரர் வந்து பார்த்தார்.

"என்னடி, மூஞ்சி இப்பிடி இருக்கு?"

"அவளுக்கு அறுபத்தஞ்சு பின்னூட்டம்."

"எவளுக்கு?"

"அந்தப் பனி ஊர்க்காரிக்குத்தான்."

"அம்புட்டுப் பேரும் சொந்தக்காரங்களா இருக்கும்."

"சொந்தக்காரங்களா இருந்தா நாலு வந்திருக்கும்."

அவர் டீயைக் குடித்துவிட்டு, "நீயும் வழுக்கி விழுந்து பாரேன்" என்றார்.

நான் அவள் பக்கத்தைத் திறப்பேன். காலையில் கடை திறந்ததும், பத்து மணிக்கு ஒரு தடவை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஒன்றரைக்கு ஒரு தடவை. ஸ்கூல் விட்டு பிள்ளைகள் கூட்டம் வருவதற்கு முன்னால் ஐந்து மணிக்கு. இது கணக்குக்கு. நடுவில் எத்தனை தடவை என்று எனக்கே தெரியாது. வாரத்துக்கு ஒரு தடவை எழுதுகிறவள் பக்கத்தில் தினமும் புதிதாக என்ன இருக்கும்? பின்னூட்டம் ஏறியிருக்கும். அதை எண்ணுவதற்குத்தான் போவேன். வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் போக முடியாது. கடையைக் கழுவி, கம்ப்யூட்டருக்கெல்லாம் பொட்டு வைத்து, சாம்பிராணி போட்டு முடிக்கப் பதினொன்றரை ஆகிவிடும்.

அவள் பதிவின் ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி உண்டு. அப்போது எல்லோரும் அதை வைத்திருந்தார்கள். யார் உள்ளே வந்தாலும் எந்த ஊர், எத்தனை மணி என்று அது காட்டிவிடும். ஆள் யாரென்று காட்டாது. சென்னையிலிருந்து ஒருவர், துபாயிலிருந்து ஒருவர் என்று ஓடிக்கொண்டே இருக்கும். என் பதிவிலும் முதலில் வைத்திருந்தேன். மதுரையிலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து ஒருவர், மதுரையிலிருந்து ஒருவர் என்று வரிசையாகக் காட்டியது. அத்தனையும் நான்தான். பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

அவள் பெட்டியைப் பார்த்து எந்தெந்த ஊரில் அவளுக்கு ஆள் இருக்கிறது என்று நான் தினமும் எண்ணினேன். அந்தப் பெட்டி என்னையும் காட்டும் என்பது, பிரவுசிங் சென்டர் நடத்துகிறவளுக்கு, ஒரு வருடமாக உறைக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை அவள் படித்தது எதையும் எழுதவில்லை. அப்பாவைப் பற்றி எழுதியிருந்தாள்.

சௌராஷ்ட்ரா வீடு. வீட்டில் பேசுவது அவர்கள் பாஷை. இவள் கூட வேலை பார்த்த வெளி ஆளைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆறு வருடமாக அப்பா பேசவில்லை. நடுவில் அம்மா இறந்துபோனதுகூட இவளுக்குக் காரியம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. போன் செய்தால் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவார். அதனால் அவளும் போன் செய்வதை விட்டுவிட்டாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு எழுதியிருந்தாள்: "கொஞ்ச நாளாக ஒன்றைக் கவனிக்கிறேன். மதுரையிலிருந்து ஒருவர் தினமும் என் பதிவுக்கு வருகிறார். காலை பத்து மணி. அப்பா கடை திறக்கும் நேரம். மத்தியானம் ஒன்றரை. அப்பா சாப்பிட உட்காரும் நேரம். பிறகு ஐந்து. வெள்ளிக்கிழமை காலையில் மட்டும் வரமாட்டார். அப்பா வெள்ளிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் கடைக்கு வருவார். ஒரு பின்னூட்டம் போட்டதில்லை. வந்து வெகுநேரம் இருந்துவிட்டுப் போகிறார். பேச வேண்டாம் அப்பா. வந்தால் போதும்."

நான் சோற்று டப்பாவை மூடி வைத்தேன்.

அந்தப் பதிவுக்கு நூற்றுப் பத்து பின்னூட்டம். எல்லோரும் அழுதேன் அழுதேன் என்று எழுதியிருந்தார்கள். அப்பனோடு சண்டை போட்டவர்கள் எல்லாம் வந்து அவரவர் கதையைச் சொல்லியிருந்தார்கள். ஆளில்லாத கடையில் உட்கார்ந்து எரிச்சலில் நான் செய்தது, அங்கே போய் பாசமாகி, அதற்கும் கூட்டம் கூடிவிட்டது. என்னை வைத்தே அவள் ஜெயித்துவிட்டாள்.

"அது உன் அப்பா இல்லை, நான்" என்று பின்னூட்டம் அடித்தேன். பொத்தானை அழுத்தவில்லை. இரக்கமெல்லாம் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை வருகிறேன் என்று அத்தனை பேருக்கும் தெரிந்துவிடுமே என்ற வெட்கம்தான்.

நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். மறுநாள் பத்து மணிக்குக் கை தானாகப் போனது.

அடுத்த மாதம் பேரையூரில் நாத்தனார் பிள்ளைக்குக் காதுகுத்து. குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு. வியாழக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பினோம். நாலு நாளும் வெயிலில் அண்டா கழுவினேன். எனக்குக் கம்ப்யூட்டர் நினைப்பே வரவில்லை என்று சொன்னால் பொய். பத்து மணியானால் ஞாபகம் வரும். ஆனால் போய்ப் பார்க்க அங்கே வழியில்லை.

அந்தச் சனிக்கிழமை என் பதிவு வரவில்லை. திங்கள்கிழமை வந்து கடையைத் திறந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தேன். ஏன் எழுதவில்லை என்று ஒருத்தர் கேட்கவில்லை. ஒருத்தர்கூட.

அவள் பக்கத்தைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பதிவு போட்டிருந்தாள். முதலாவது: "நான்கு நாட்களாக அப்பா வரவில்லை." இரண்டாவது: "வீட்டு போன் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. மதுரையில் இருப்பவர்கள் யாராவது போய்ப் பார்த்துச் சொல்வீர்களா? மெயில் அனுப்பினால் முகவரி தருகிறேன்."

உலகத்தில் நான் நாலு நாள் காணாமல் போனதைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான். அதுவும் வேறு ஆள் என்று நினைத்து.

மெயில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் முகவரி வந்தது. என் கடையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு நூல் கடை. "அக்கா, நீங்களா? உங்களை மறக்கவே மாட்டேன்" என்று எழுதியிருந்தாள்.

எதற்குப் போனேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அந்த ஆள் நன்றாகத்தான் இருப்பார் என்று எனக்குத் தெரியும். வராமல் போனது நான், அவரில்லை. "எனக்கு மகளே கிடையாது, வெளிய போம்மா" என்று அவர் சொல்வார், அதை அப்படியே அவளுக்கு அனுப்பலாம் என்று போனேன். அவள் கட்டிவைத்த கதை விழுவதைப் பார்க்கப் போனேன். அந்த இரண்டு பதிவையும் அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். வாயால் சொன்னால் நம்பமாட்டாரே.

சின்னக் கடை. சுவர் முழுக்க நூல் கண்டுகள். நெற்றியில் ஒற்றை நாமம், மூக்கில் கண்ணாடி. ஒரு அம்மாளோடு அவர்கள் பாஷையில் பேசிக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் போனதும் என் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார்.

"எத்தனாம் நம்பர் நூல்மா?"

"நூல் வாங்க வரலைங்கய்யா. ஒங்க மக விசயமா வந்தேன்."

மனிதர் எழுந்து நின்றுவிட்டார். "அவளுக்கு என்ன?"

நான் நினைத்துப் போனது அந்த இடத்திலேயே கெட்டது.

"அவளுக்கு ஒண்ணுமில்ல. ஒங்களுக்குத்தான் என்னமோ ஆயிருச்சுன்னு ஊரைக் கூட்டிக்கிட்டு இருக்கா."

"எனக்கென்ன? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்."

"நீங்க நாலு நாளா வரலையாம்."

"எங்க வரலை?"

தாளை நீட்டினேன். ஸ்டூலில் உட்கார்ந்து படித்தார். தாளை மிகவும் தள்ளிப் பிடித்துக்கொண்டு, உதடு அசைய, மெதுவாகப் படித்தார். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து படித்தார். எனக்கு நிற்க இடுப்பு வலித்தது. அண்டா கழுவின இடுப்பு.

"நான் கம்ப்யூட்டரத் தொட்டதே இல்லையேம்மா" என்றார். "யாரு இந்த மதுரையிலிருந்து ஒருவர்?"

"நான்தான்."

"நீங்க அவளுக்குச் சிநேகிதமா?"

"இல்லைங்கய்யா."

"பின்ன எதுக்கும்மா தெனமும் இத்தனை தடவ போய்ப் பாக்குறீங்க?"

"வயித்தெரிச்சல்."

"என்னது?"

"அவளுக்கு அம்புட்டுப் பேர் வாராங்க. நானும் எழுதுறேன், எனக்கு ஒரு நாதியும் வரலை. யார் யார் வாராங்கன்னு எண்ணத்தான் போறது."

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அவகிட்டப் பேச்சுல ஜெயிக்க முடியாதும்மா. பள்ளிக்கூடத்துலயே அப்பிடித்தான். வாத்தியாரே உக்காந்து கேப்பாரு."

ஆறு வருடம் பேசாத ஆளின் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அம்புட்டுப் பெருமை இருக்குல்ல, போனை எடுக்குறதுக்கு என்ன?"

"வீட்டு போனா? அது செத்து ஆறு மாசம் ஆச்சு. எனக்கு யாரு பேசப்போறான்னு நானும் கம்ப்ளெயிண்ட் குடுக்கலை."

"சரி, அவளுக்கு நான் என்னன்னு எழுத?"

"நல்லா இருக்காருன்னு எழுதுங்க. கடையத் தாண்டிப் போகையில பாத்தேன்னு எழுதுங்க. பேசினதா எழுதாதீங்க."

"ஏன்?"

தாளை நான்காக மடித்தார். "இப்பப் பேசினேன்னு வைங்க, அவ அம்மா போனப்ப ஏன் பேசலைன்னு கேப்பா. எங்கிட்டப் பதில் இல்லை."

படியிறங்கும்போது பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா, இதுக்கு முந்தி எழுதினதெல்லாம் இருக்குமா?"

அப்படியாக, என் கடையில், என் மையில், என் கையால் அவள் எழுதியதை எல்லாம் முதலிலிருந்து அச்செடுத்தேன். ஒரு வருடத்து எழுத்து. சனிக்கிழமை ஐந்து மணிக்கு வந்து வாங்கிப் படித்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். பக்கத்துப் போர்ஷன்காரர்கள் கேட்பார்களாம். என் மேசைக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எனக்கு முன்னாலேயே படித்துச் சிரிப்பார். அவள் பின்னூட்டம் எத்தனை என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, அவள் எழுத்தைப் படித்து ஒரு ஆள் சிரிக்கிற சத்தத்தையும் கேட்கும்படி ஆனது.

"இங்க பாருங்க, வாளியோட விழுந்தாளாம்."

"படிச்சேன்."

"இவ நடந்தாலே விழுவா. தெப்பத் திருவிழால ஒருக்கா படியில உருண்டா. அன்னைக்கும் கையில பலூனை விடலை."

அவளுக்கு மெயில் அனுப்பினேன்: "அப்பா நலம். கடையில் இருந்தார். வீட்டு போன் பழுது என்று பக்கத்தில் சொன்னார்கள்." என்ன சொன்னார், எப்படி இருந்தார், இளைத்திருந்தாரா என்று பத்துக் கேள்வி கேட்டு எழுதினாள். "இளைக்கவில்லை" என்று ஒரு வரி போட்டேன்.

அவள் அடுத்த பதிவில் எழுதினாள், அப்பா திரும்ப வருகிறார் என்று. பத்து மணிக்கு வந்தாராம், ஒன்றரைக்கு வந்தாராம். போனது நான். போகாவிட்டால் மறுபடி ஊரைக் கூட்டுவாள். அவள் பக்கத்தைப் பார்க்காமல் இருக்கவேண்டும் என்று நான் சபதம்கூட எடுக்க முடியாமல் போயிற்று. கண் ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய ஒரு நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

"ஒன்றரைக்கு வந்து அவ பக்கத்தை ஒருக்கா தொறந்துட்டுப் போங்க."

"அதுக்கு நான் லாரி ஆபீசுல இருந்து வரணுமா?"

"வரணும்."

"நீ அவளுக்கு எதிரியா, வேலைக்காரியா?"

"வந்து தொறங்க."

வந்து திறந்திருக்கிறார். திறந்ததோடு நிற்காமல் உட்கார்ந்து படித்தும் இருக்கிறார். "நல்லாத்தான்டி எழுதுறா" என்றார் சாயங்காலம். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை எனக்கு ஆசை வந்தது. அவளுடைய பதிவோடு என் பதிவையும் ஒரு தாள் அச்செடுத்து அடியில் வைத்துக் கொடுத்தேன். சொல்லவில்லை. அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் பக்கங்களைப் படித்தார், சிரித்தார். கடைசித் தாளுக்கு வந்தார். நெற்றியைச் சுருக்கினார். பாதிவரை போனார். மேசைமேல் வைத்துவிட்டார்.

"இது வேற யாரோ எழுதினதும்மா. மாறி வந்திருச்சு."

"எப்பிடித் தெரியும்?"

"இதுல ஒண்ணுமே நடக்கலையே. அது சரியில்ல, இது சரியில்லன்னு இருக்கு."

"அது நான் எழுதினது."

மனிதர் பதறவில்லை. தாளைத் திரும்ப எடுத்து, நின்றபடியே முழுதும் படித்தார். "மாவு புளிச்சதுன்னு எழுதியிருக்கீங்கள்ல, அந்த மாவை என்ன செஞ்சீங்க?"

"கொட்டிட்டேன்."

"அதை எழுதலாம்ல" என்றார். பிறகு, "அவ என்னைக்காவது எழுதாம விட்டா இதைக் குடுங்க, படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நான் என் பதிவை நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அடுத்த வாரம் வீட்டு விஷயத்தைப் பத்து வரி எழுதினேன். அதற்கு ஏழு பின்னூட்டம் வந்தது. யாருக்கும் சொல்லவில்லை.

ஒரு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. ஆறு மணிவரை என் பதிவை அச்செடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவளும் அன்று எழுதவில்லை. மறுநாள் எழுதினாள். அப்பா வீட்டு போனைச் சரிபண்ணி அவளைக் கூப்பிட்டாராம். எடுத்ததும், நலமா என்றுகூடக் கேட்காமல், "பெருங்காயத்தைத் தண்ணியில கரைச்சு ஊத்து, அந்த மேல்வீட்டுக்காரன் வரமாட்டான்" என்றாராம். இவள் போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாளாம். "எனக்குத் தெரியும், நீங்கள்தான் என்று எனக்குத் தெரியும்" என்றாளாம். அதற்கு அவர், "ஆமா, ஆரம்பத்துல இருந்து நான்தான் படிச்சேன்" என்றாராம்.

அடியில் அவள் எழுதியிருந்தாள்: "அறுபத்தாறு வயதில் என் அப்பா தானாகவே கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டிருக்கிறார்."

பின்னூட்டத்தை நான் எண்ணவில்லை. ஆரம்பத்திலிருந்து அவர் படித்தாராம். தானாகவே கற்றுக்கொண்டாராம். என் மை, என் நாற்காலி, என் ஒன்றரை மணிச் சோறு. எல்லாவற்றையும் துடைத்துப் போட்டுவிட்டார்கள் இரண்டு பேரும்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நூல் கடைக்குப் போனேன். அன்று ஞாயிறு, கடை பூட்டியிருந்தது. தெப்பக்குளத்துப் படிக்கட்டில் அவரைப் பிடித்தேன். காற்று வாங்க உட்கார்ந்திருந்தார். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஏன்யா, ஆரம்பத்துல இருந்து நீங்கதான் படிச்சீங்களா?"

"உக்காருங்கம்மா."

"உக்கார வரலை. தானா கம்ப்யூட்டர் படிச்சீங்களா?"

"அதை நான் சொல்லலை. அவளா எழுதிக்கிட்டா."

"மொதல்ல சொன்னது நீங்கதானே?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீங்க?" என்றார். சத்தமாக இல்லை. "உன்னைய யாரோ வயித்தெரிச்சல்ல பாத்துச்சு, நான் பாக்கலைன்னு சொல்லவா? ஒரு வருசமா அப்பா வாராரு வாராருன்னு எழுதிட்டா. நான் இல்லைன்னா அவளுக்கு அந்த வருசம் என்ன ஆகும்?"

எனக்குக் கோபம்தான் கூடியது.

"நடுவுல ஒரு ஆள் அச்செடுத்துக் குடுத்துச்சுன்னாவது சொல்லியிருக்கலாம்ல. எம் பேரைச் சொல்றதுல என்ன குறைஞ்சுபோகும்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். நிஜமாகவே யோசித்தார்.

"ஒங்க பேரு என்னன்னு எனக்குத் தெரியாதேம்மா" என்றார்.

உண்மைதான். ஒரு வருடம் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னதில்லை, அவர் கேட்டதில்லை. என் பதிவில் இருப்பதும் புனைபெயர்.

பேரைச் சொன்னேன். ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். அவர் வாயில் நீட்டல் எங்கோ மாறி விழுந்தது. திருத்தவில்லை. கேபினில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அதன்பிறகு அவர் கடைக்கு வரவில்லை. அப்பா வீட்டுக்கே கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்துவிட்டாள் என்று அவள் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். மதுரையிலிருந்து ஒருவர் என்று பெட்டி காட்டினால் அது நிஜமாகவே அவராக இருக்கலாம். நான் போவதும் போகாததும் இனி யாருக்கும் ஒன்றுமில்லை. ஆனாலும் போனேன். பழைய காரணத்துக்காகத்தான்.

அவளுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. அவள் மனசு நோகும் என்பதற்காக என்று எழுதினால் நன்றாக இருக்கும். காரணம் அதுவல்ல. சொன்னால் அடுத்த சனிக்கிழமை அதை உட்கார்ந்து எழுதிவிடுவாள். என்னைவிட நன்றாக எழுதுவாள். அந்தக் கிழவர் தாளைத் தள்ளிப் பிடித்துப் படித்ததை, பக்கத்தில் நிற்காமலேயே, பக்கத்தில் நின்ற என்னைவிட நன்றாக எழுதிவிடுவாள். இந்த ஒன்று என் கண் முன்னால் நடந்தது. இதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசில்லை. அதனால் அவள் எழுதுவதற்கு முன்னால் நான் எழுதிவிட்டேன்.